இங்கு யாவரும் நலம்: போர்க்கால பிரிட்டனின் வீட்டுக் கடிதங்கள்

நம் வீடுகளில் கடிதம் எழுதிய காலத்தில் முதல் வரியை யாரும் யோசித்து எழுதியதில்லை. "இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல்." கை தானாக எழுதிவிடும். படிப்பவரும் அந்த வரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு விஷயத்துக்குப் போய்விடுவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் வீடுகளிலிருந்து போன கடிதங்களிலும் இதே பொருள் தரும் வரி திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் படிக்கும்போது அலுப்பாகத்தான் இருக்கும். கடிதம் யாருக்குப் போனது, அவர் எதைக் கேட்டுவிட்டு அதற்காகக் காத்திருந்தார் என்று தெரிந்த பிறகு, அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வராது.

ஹல் நகரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுகம். ஜெர்மன் விமானங்கள் மிக மோசமாகத் தாக்கிய ஊர்களில் ஒன்று. ஆனால் செய்திகளில் பெரும்பாலும் அதன் பெயர் வராது. "வடகிழக்குக் கடற்கரை நகரம் ஒன்று" என்று மட்டும் சொல்வார்கள். எங்கே குண்டு விழுந்தது என்பது எதிரிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சரி, ஹல்லைச் சேர்ந்த ஒருவர் தொலைதூரத்தில் கப்பலில் இருக்கிறார், அந்தச் செய்தியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது எந்த ஊர் என்று தெரியும், எந்தத் தெரு என்று தெரியாது. வீட்டிலிருந்து கடிதம் வந்தால் அவர் முதலில் பார்ப்பது தேதியை. தாக்குதலுக்கு முன் எழுதியதா, பின் எழுதியதா? முன் எழுதியது என்றால் உள்ளே எத்தனை பக்கம் இருந்தாலும் அவர் தேடிய பதில் அதில் இல்லை. பின் எழுதியது என்றால், "எல்லாரும் சுகம்" என்ற ஒரு வரி போதும். கணவனும் மனைவியும் தங்கள் கடிதங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு எழுதும் வழக்கம் இருந்தது. நடுவில் எது வரவில்லை, எது முந்தி வந்துவிட்டது என்று அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

போர்க்காலக் கடிதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அவற்றைத் திறந்த சன்னல் போலச் சொல்கிறார்கள்: எட்டிப் பார்த்தால் அந்தக் கால வாழ்க்கை அப்படியே தெரியும் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே இன்னொருவர் நிற்கிறார். சில சமயம் அது தணிக்கை அதிகாரி. சில சமயம் பிள்ளையைத் தங்க வைத்திருக்கும் வீட்டுக்காரர். பெரும்பாலான நேரம் அது எழுதுகிறவரின் சொந்த மனசாட்சிதான்: இதைப் படித்தால் அவர் கவலைப்படுவாரே என்ற எண்ணம். நடுவில் நிற்பவர் யார் என்று தெரிந்துகொண்டு படித்தால், எழுதாமல் விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணுக்குத் தெரியும்.

பிள்ளைகளின் அட்டையிலிருந்து தொடங்கலாம். 1939 செப்டம்பர் 1. போர் அறிவிக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. லண்டனிலும் மற்றப் பெரிய தொழில் நகரங்களிலும் பள்ளி வாசல்களில் காலையிலேயே பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். மேற்சட்டையில் பெயர் எழுதிக் கட்டிய சீட்டு. தோளில் கயிறு போட்டுத் தொங்கவிட்ட அட்டைப் பெட்டி. அதற்குள் நச்சுவாயு முகமூடி. மாற்றுத் துணி வைத்த சிறிய பை. வான்தாக்குதல் நடக்கக்கூடிய நகரங்களிலிருந்து அவர்களை நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவிடுவது அரசின் திட்டம். மூன்று நாளில் சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள். அவர்களில் 8 லட்சத்துக்கும் மேல் தாய் தகப்பன் கூட வராமல் ஆசிரியர்களோடு போன பள்ளிப் பிள்ளைகள்.

இதில் நெஞ்சை அடைக்கும் ஒரு விஷயம் உண்டு. பிள்ளை எந்த ஊருக்குப் போகிறது என்று வழியனுப்பிய தாய்க்குத் தெரியாது. ரயில் எங்கே நிற்குமோ, அந்த ஊர்க்காரர்கள் யாரை யார் வீட்டுக்கு அழைத்துப் போவார்களோ, அதுதான் முகவரி. அதனால் தபால்தலை ஒட்டிய ஓர் அட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்ததும் முகவரியை எழுதி வீட்டுக்குப் போட வேண்டும். அந்த வாரம் நகரத்து வீடுகளில் எத்தனை தாய்மார்கள் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில் நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அட்டையையும், அதற்குப் பின் வாராவாரம் போன கடிதங்களையும் பிள்ளை தனியாக எழுதவில்லை. பக்கத்தில் ஆசிரியரோ வீட்டுக்கார அம்மாவோ இருந்திருப்பார். சின்னப் பிள்ளை என்றால் அவர்களே எழுதி, கடைசியில் பெயரை மட்டும் பிள்ளை கையால் போட வைத்திருப்பார்கள். வீட்டுக்காரருக்கு அரசு பணம் கொடுத்தது: ஒரு பிள்ளை என்றால் வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ், ஒன்றுக்கு மேல் என்றால் தலைக்கு 8 ஷில்லிங் 6 பென்ஸ். அன்போடு பார்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். அந்த உறவு ஆயுள் முழுக்க நீடித்த குடும்பங்களும் உண்டு. பிள்ளையை வேலைக்காரராக நடத்திய வீடுகளும் இருந்தன. ஆனால் பிள்ளைகளின் கடிதங்களை மட்டும் வைத்து இந்த இரண்டு வகை வீடுகளையும் பிரித்தறிவது கடினம். மாடு பார்த்தேன், ஆப்பிள் பறித்தேன், காலுறை அனுப்பு: இரண்டு வகை வீட்டிலிருந்தும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். இரவில் படுக்கையை நனைத்ததும், அதற்காகத் திட்டு வாங்கியதும் கடிதத்தில் வராது. அவை பல ஆண்டுகள் கழித்து, பிள்ளைகள் வளர்ந்து தாங்களே சொன்னபோதுதான் வெளியே வந்தன. எதிர்பார்த்த குண்டு முதல் சில மாதங்களில் விழவில்லை. 1940 ஜனவரிக்குள் போனவர்களில் சுமார் 9 லட்சம் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அப்படியே விட்டுவையுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டும் பெற்றோர் கூட்டி வந்தார்கள். கடிதங்களின் வரிகளுக்கு நடுவே எதையோ அவர்கள் படித்திருக்க வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம் தணிக்கை. போர்க்காலத்தில் எல்லாக் கடிதங்களையும் அரசு பிரித்துப் படித்தது என்று ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது. அது அவ்வளவு சரியல்ல. நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போன சாதாரணக் கடிதங்களில் பெரும்பாலானவை திறக்கப்படவில்லை. வெளிநாட்டுக்குப் போனவையும் அங்கிருந்து வந்தவையும்தான் தணிக்கைக்கு உட்பட்டன. நடுநிலை வகித்த அயர்லாந்துக்குப் போன கடிதங்களும் அதில் அடக்கம். தணிக்கைத் துறை போரின் தொடக்கத்தில் லிவர்பூலில் பெரிய அளவில் இயங்கியது. அமெரிக்கக் கண்டத்துக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே போன தபாலைப் பார்க்க பெர்முடா தீவில் ஒரு பெரிய ஓட்டலிலேயே அலுவலகம் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தத் தபாலுறை ஒன்று கையில் கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் கத்தரித்து, மேலே வெள்ளைத் தாள் பட்டை ஒட்டி மூடியிருக்கும். அதில் அச்சடித்த எழுத்து: "ஆய்வாளரால் திறக்கப்பட்டது". பக்கத்தில் ஓர் எண். மூலையில் மிகச் சிறிய எழுத்தில் "பி.சி. 90" என்று படிவத்தின் எண். திறந்தவரின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். உள்ளே ஏதாவது ஆட்சேபத்துக்குரியதாக இருந்தால் அந்த இடத்தைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடுவார்கள். வெட்டிய தாளின் பின்பக்கம் குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி இருந்திருக்கலாம். அதுவும் சேர்ந்து போய்விடும்.

எதை எழுதக்கூடாது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். படை, கப்பல், தொழிற்சாலை, குண்டு விழுந்த இடம் ஆகியவை சரிதான். வானிலையும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1940 ஜனவரியில் பிரிட்டனில் 1895-க்குப் பிறகு வந்ததிலேயே கொடிய குளிர் அடித்தது. தேம்ஸ் ஆறு சில இடங்களில் உறைந்தது. மக்கள் அதன் மேல் நடந்துகொண்டிருந்தபோது பத்திரிகைகளால் அதை உடனுக்குடன் எழுத முடியவில்லை. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் செய்தி வந்தது. எதிரி விமானிகளுக்கு உதவிவிடக் கூடாது என்பது காரணம். இங்கிலாந்துக்காரர் கடிதத்தில் வானிலையை எழுதக்கூடாது என்றால், நம் ஊர்க்காரர் ஊர் மழையை விசாரிக்கக் கூடாது என்று சொல்வது போலத்தான்.

தணிக்கையின் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். மக்கள் மனநிலை எப்படி இருக்கிறது என்று அறிய, தகவல் அமைச்சகத்துக்குள் ஒரு பிரிவு 1940 முதல் அறிக்கைகள் தயாரித்தது. முதலில் அன்றாடம், பிறகு வாராவாரம். அதற்கான ஆதாரங்களில் ஒன்று தணிக்கைக்கு வந்த கடிதங்கள். ஆக, ஒரு பெண் கனடாவிலுள்ள தங்கைக்கு எழுதிய புலம்பல், அவள் அறியாமலே அமைச்சர்களின் மேசை வரை போயிருக்கலாம். இது சரியா தவறா என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. ஆனால் சோப்புக்கும் நிலக்கரிக்கும் மக்கள் பட்ட பாடு அரசுக்குத் தெரிந்ததற்கு அந்தக் கடிதங்களும் ஒரு காரணம்.

இனி ஒரு கடிதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். எழுதியவர் அப்போதைய அரசி எலிசபெத், மன்னர் ஆறாம் ஜார்ஜின் மனைவி. எழுதியது மாமியார் மேரி அரசிக்கு. தேதி 1940 செப்டம்பர் 13. லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு தொடங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அன்று காலை பக்கிங்ஹாம் அரண்மனை மேலேயே குண்டு விழுந்தது. நாட்டின் முதல் குடும்பத்துக் கடிதம் என்றாலும், மருமகள் மாமியாருக்கு எழுதும் கடிதமாகத்தான் அது இருக்கிறது. மன்னரின் கண்ணில் ஓர் இமைமுடி விழுந்துவிட்டது, அதை எடுத்துவிடப் போராடிக்கொண்டிருந்தேன், அப்போது ஜெர்மன் விமானத்தின் இரைச்சல் கேட்டது என்று எழுதுகிறார். அந்த இமைமுடியை எந்தச் செய்தியாளரும் எழுதியிருக்க மாட்டார். ஒரு குண்டுவீச்சு எந்த நொடியில், எந்த வேலையின் நடுவில் வந்து விழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதே நாள் பிற்பகல் மன்னரும் அரசியும் லண்டனின் கிழக்குப் பகுதிக்குப் போனார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஏழைப் பேட்டைகள். செத்துப்போன ஊருக்குள் நடப்பது போல இருந்தது என்று கடிதம் சொல்கிறது. எல்லாரும் வெளியேறிவிட்ட வீடுகள். உடைந்த சன்னல் வழியே பார்த்தால் படுக்கையும் புகைப்படங்களும் விட்டது விட்டபடி கிடக்கின்றன. அடுத்து ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறார். வெளியேற்றத்துக்காகக் காத்திருந்த 500 பேர் மேல் அது இடிந்து விழுந்ததாகவும், சுமார் 200 பேர் இன்னும் இடிபாட்டுக்குள் இருப்பதாகவும்.

பள்ளியின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் விவரம் கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில் இருந்த சவுத் ஹால்ஸ்வில் பள்ளிக்குப் பொருந்துகிறது. வீடிழந்த குடும்பங்களை அங்கே தங்க வைத்து, பேருந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள். பேருந்து வரவில்லை. செப்டம்பர் 10 விடியற்காலையில் பள்ளி மேல் குண்டு விழுந்தது. அதிகாரபூர்வ எண்ணிக்கை 77 பேர். நூற்றுக்கணக்கில் இறந்தார்கள் என்று அந்தப் பகுதி மக்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இப்போது கடிதத்துக்குத் திரும்புவோம். அரசிக்குச் சரியான எண் தெரிந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் யாரோ சொன்னதைத்தான் எழுதியிருப்பார். மூன்று நாள் கழித்து, அங்கே போய் வந்தவர்களிடையே என்ன பேசப்பட்டது என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி. இந்த அளவுக்கு மட்டும்தான் ஒரு கடிதத்தை நம்பலாம். இந்த அளவே சில சமயம் மிகப் பெரிது. பத்திரிகையில் வராத ஒரு பேச்சு, மாமியாருக்கு எழுதிய தாளில் தங்கிவிட்டது.

அந்த வகையில் அடக்கப்பட்ட செய்திகள் வேறும் உண்டு. 1943 மார்ச் 3 இரவு பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தின் படிக்கட்டில் நெரிசலில் 173 பேர் இறந்தார்கள். அங்கே குண்டே விழவில்லை. விசாரணை அறிக்கையை அரசு உடனே வெளியிடவில்லை. 1944 செப்டம்பர் 8 அன்று லண்டனில் ஜெர்மனியின் முதல் வி-2 ஏவுகணை விழுந்தபோது, எரிவாயுக் குழாய் வெடித்ததாகப் பேச்சைப் பரவ விட்டார்கள். நவம்பர் 10-ஆம் தேதிதான் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் லண்டன்காரர்கள் அதற்குப் "பறக்கும் எரிவாயுக் குழாய்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, இப்போது சாப்பாடு. இந்தக் கடிதங்களைப் படிக்கும் இன்றைய வாசகர் அலுத்துக்கொள்வது இங்கேதான். எவ்வளவு பெரிய போர் நடக்கிறது, இவர்கள் வெண்ணெயையும் முட்டையையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்களே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 1940 ஜனவரி 8-இல் பங்கீடு தொடங்கியது. ஒரு ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், பன்றி இறைச்சி 4 அவுன்ஸ், சர்க்கரை 12 அவுன்ஸ். பிறகு இறைச்சி, அதற்கப்புறம் தேயிலை, 1941-இல் பாலாடைக்கட்டி, துணி. 1942-இல் சோப்பு, மிட்டாய். அளவுகள் ஏறி இறங்கின. வெண்ணெய் 2 அவுன்ஸுக்கு இறங்கிய காலமும் உண்டு. அதாவது 57 கிராம், ஒரு வாரத்துக்கு. முட்டை வாரம் ஒன்று, அதுவும் கடையில் இருந்தால். முழு முட்டைக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து டப்பாவில் முட்டைப் பொடி வந்தது.

எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப் 1940 நவம்பர் கடைசியில் தோழி வீட்டா சாக்வில்-வெஸ்ட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. லண்டனில் அவர் வாழ்ந்த வீடுகள் அந்த இலையுதிர் காலத்துக் குண்டுவீச்சில் சிதைந்திருந்தன. சசெக்ஸில் ராட்மெல் கிராமத்து வீட்டில் இருந்தார். தோழி ஒரு பவுண்டு வெண்ணெய் அனுப்பியிருக்கிறார். கடிதம் முழுக்க அந்த வெண்ணெய்தான். ஒரு முழுப் பவுண்டு என்று வியக்கிறார். ரொட்டிகூட இல்லாமல் ஒரு துண்டை உடைத்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டதைச் சொல்கிறார். தங்கள் ஒரு வாரப் பங்கு விரல்நகம் அளவுதான் இருக்கும், அதை வீட்டில் வேலை பார்த்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார். வேடிக்கையும் குதூகலமுமாக எழுதிய கடிதம். நான்கு மாதம் கழித்து அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது நமக்குத் தெரியும். அதனால் அந்த வெண்ணெய்க் கடிதத்தைச் சோகமாகப் படித்துவிடத் தோன்றும். அப்படிப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. அன்றைக்கு அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. கடிதம் அந்த நாளுக்குத்தான் சாட்சி.

தேயிலையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1940 ஜூலையில் தேயிலைக்கும் பங்கீடு வந்தது, வாரம் 2 அவுன்ஸ். ஒரே இலையை இரண்டு முறை மூன்று முறை கொதிக்க வைத்தவர்கள் உண்டு. குண்டு விழுந்த வீட்டிலிருந்து மீட்டவரின் கையில் முதலில் கொடுப்பதும் ஒரு கோப்பைத் தேநீர்தான். ஜாவாத் தேயிலை 1942-இல் ஜப்பானியர் கைக்குப் போனபின் இலங்கை, இந்தியத் தேயிலைதான் பிரிட்டனுக்குப் பெரும் ஆதாரம். அதில் இலங்கை இலையைக் கண்டி, ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளில் கொய்தவர்கள் மலையகத் தமிழ்ப் பெண்கள். லண்டன் கடிதங்களில் தேநீர் வராத கடிதம் அபூர்வம். கொய்த கையைப் பற்றி நினைக்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. அந்தக் காலத்துத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயத்து அறைகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் கடிதங்களோ மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த இடத்தில் போர்க்காலம் தாளில் தங்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் சிப்பாய்க்கு வீட்டுக் கடிதம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை. இத்தாலி 1940 ஜூனில் போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி ஆபத்தானது. எகிப்துக்குப் போகும் கப்பல் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடிதம் மாதக்கணக்கில் ஆகும். விமானத்தில் அனுப்ப எடை இடம் கொடுக்காது. அதற்கு 1941-இல் ஒரு வழி கண்டார்கள். அதன் பெயர் ஏர்கிராஃப். தபால் நிலையத்தில் கிடைக்கும் ஒரு படிவத்தில் எழுதி, மடிக்காமல் மூடாமல் அப்படியே கொடுக்க வேண்டும். அதைச் சிறிய திரைப்படச் சுருளில் படம் பிடிப்பார்கள். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் சில அவுன்ஸ் எடையுள்ள ஒரு சுருளில் அடங்கின. சுருள் விமானத்தில் போகும். அந்தப் பக்கம் அதை மறுபடி தாளில் அச்செடுத்துக் கொடுப்பார்கள். கையில் வருவது உள்ளங்கையளவு புகைப்படத்தாள். இந்தியாவுக்கும் இந்தச் சேவை வந்தது. 1945 வரை 30 கோடிக்கு மேல் இப்படிப் போயின.

இந்தப் படிவம் எழுத்தையே மாற்றியது. ஒரு பக்கத்துக்கு மேல் இடம் இல்லை. தடித்த மையில், பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பொடி எழுத்து எழுதினால் சுருங்கிப் படிக்க முடியாமல் போகும். கவுண்டரில் இருப்பவர் முதல் படம் பிடிப்பவர் வரை எல்லார் கண்ணிலும் படும். அதனால் அந்தரங்கம் முதலெழுத்துச் சுருக்கங்களில் போனது. உறையின் பின்புறத்தில் சிலர் எழுதிய "ஸ்வாக்", அன்பு முத்தத்தால் முத்திரையிடப்பட்டது என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். அந்தப் பழக்கம் இங்கேயும் தொடர்ந்தது. "இத்தாலி" என்று நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால், அந்த எழுத்துகளுக்கு உன்னை நம்புகிறேன், நேசிக்கிறேன் என்று பொருள். அதே 1941-இல் மத்திய கிழக்குப் படைகளுக்காக வந்த மற்றொன்று, மெல்லிய தாளை மடித்து ஒட்டி அதையே உறையாக்கும் விமானக் கடிதம். அதன் வழிவந்ததுதான், பிறகு வளைகுடாவுக்கும் கனடாவுக்கும் போன நம் ஆட்கள் ஓரம் விடாமல் எழுதி நிரப்பிய நீல ஏரோகிராம்.

இந்தக் கடிதங்களில் மனைவி என்ன எழுதினாள்? சந்தோஷமாக எழுதுங்கள், வீட்டுக் கஷ்டத்தைப் போர்முனைக்கு அனுப்பாதீர்கள் என்று பத்திரிகைகளும் அதிகாரிகளும் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்களும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டார்கள். தோட்டத்தில் பாதி புதைத்த தகரத் தங்குமிடத்தில் தண்ணீர் தேங்கியது, இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, தொழிற்சாலையில் இரவுப் பணி, குழந்தைக்குக் காய்ச்சல்: இவற்றை முழுங்கிவிட்டு, பக்கத்து வீட்டு நாய் செய்த சேட்டையை ஒரு பக்கம் எழுதினார்கள். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதே காலத்தில் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்த மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்புக்காகச் சுமார் 500 பேர் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்கள். முன்பின் தெரியாதவருக்கு எழுதும் அந்த நாட்குறிப்புகளில் சலிப்பும் கோபமும் தாராளமாகக் கொட்டிக் கிடக்கின்றன. ஆளைப் பார்த்துத்தான் வார்த்தை வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தப் பெண்ணின் ஒரு நாள் முழுதாகத் தெரியும்.

ஆனால் ஒரு குறை. சிப்பாய் வீட்டுக்கு எழுதியவை அலமாரியில், பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தன. பிறகு லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வீட்டிலிருந்து சிப்பாய்க்குப் போனவை அவன் பையில், மழையில், மணலில் அழிந்தன. இடம் மாறும்போது எரிக்கப்பட்டன. கப்பலோடு மூழ்கியவை எத்தனையோ. அதனால் போர்க்கால பிரிட்டனின் வீட்டு வாழ்க்கையை எழுதியவளின் கடிதம் இல்லாமல், அதற்கு அவன் எழுதிய பதில் மட்டும் கிடைக்கும் இடங்கள் பல. அவள் என்ன சொன்னாள் என்பதைப் பதிலிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, அந்த நாட்களில் காகிதத் தட்டுப்பாடு. பழைய தாளைச் சேர்த்துக் கொடுங்கள் என்று அரசே வீடு வீடாகக் கேட்டது. பழைய உறைமேல் சீட்டு ஒட்டித் திரும்பப் பயன்படுத்தினார்கள். எத்தனை கட்டுக் கடிதங்கள் அப்படி ஆலைக்குப் போய்க் கூழாயின என்று யாராலும் சொல்ல முடியாது.

கடைசியாக, மிகக் குறைவாக எழுதப்பட்ட கடிதங்களைப் பற்றி. பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் சேனல் தீவுகள் பிரிட்டிஷ் மகுடத்துக்கு உட்பட்டவை. 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்தபோது தீவுகளைக் காக்க முடியாது என்று படையை விலக்கிக்கொண்டார்கள். குழந்தைகளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பெற்றோருக்கு ஒரு நாள்தான் இருந்தது. கெர்ன்சி தீவிலிருந்து மட்டும் சுமார் 17,000 பேர் இங்கிலாந்துக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் ஆசிரியர்களோடு போன பள்ளிப் பிள்ளைகள். ஸ்டாக்போர்ட், பரி, ஓல்டாம், கிளாஸ்கோ என்று முன்பின் பார்த்திராத தொழில் நகரங்களில் இறங்கினார்கள். ஜூன் 30 அன்று ஜெர்மானியர் கெர்ன்சியில் இறங்கினார்கள். அன்றோடு தபால் நின்றது.

அதற்குப் பிறகு இருந்த ஒரே வழி செஞ்சிலுவைச் சங்கம். ஒரு படிவம். மேலே அனுப்புபவர் பெயர். நடுவில் செய்தி, 25 சொல்லுக்கு மேல் கூடாது, குடும்ப விஷயம் மட்டும். கீழே பெறுபவர் பெயர். பின்பக்கம் பதிலுக்கு, அதுவும் 25 சொல். பிரிட்டனில் தணிக்கை செய்து, ஜெனீவா போய், ஜெர்மானியரின் தணிக்கையைக் கடந்து தீவுக்கு வரும். பதில் அதே வழியில் திரும்பும். மாதங்கள் ஆகும். கையில் கிடைக்கும்போது படிவம் முழுக்க முத்திரைகள். எழுத்தைவிட முத்திரை அதிகம். சிவப்பு வட்டத்தில் ஜெனீவா, பக்கத்தில் ஜெர்மானியரின் கழுகு, மற்றொரு ஓரத்தில் பிரிட்டிஷ் தணிக்கை எண். நடுவில் தட்டச்சில் இரண்டு மூன்று வரி.

25 சொல்லில் ஒரு தாய் பிள்ளைக்கு என்ன எழுதுவாள்? தேவையற்ற சொல் ஒன்றுகூட இருக்க முடியாது. கடிதம் கிடைத்தது, நாங்கள் சுகம், பாட்டி சுகம், உன் பிறந்தநாளை நினைத்தோம், நன்றாகப் படி. பிள்ளையோ ஆறு மாதத்துக்கு முன் எழுதிய கேள்விக்கு இப்போது பதில் பார்க்கிறான். என்ன கேட்டோம் என்பதே அவனுக்கு மறந்திருக்கும். ஸ்டாக்போர்ட்டில் தீவுக்காரர்கள் சேர்ந்து நடத்திய மாத இதழில் வந்த செய்திகளைப் பகிர்ந்துகொண்டார்கள். யார் வீட்டுக்கு வந்த செய்தியாக இருந்தாலும் அதில் வேறு யாருடைய தகப்பன் பெயராவது இருக்காதா என்று மற்றவர்கள் தேடினார்கள். 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிய பிறகு தீவுகள் தனித்துப்போயின. அந்த வழியும் அடைபட்டது. தீவில் உணவு தீர்ந்துகொண்டிருந்தது. டிசம்பர் கடைசியில் வேகா என்ற செஞ்சிலுவைக் கப்பல் உணவுப் பொட்டலங்களோடு வந்த செய்திதான் இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

1945 மே 9 அன்று கெர்ன்சி விடுதலை அடைந்தது. அந்தக் கோடையில் பிள்ளைகள் திரும்பினார்கள். ஐந்து வயதில் போன பிள்ளைக்கு இப்போது பத்து வயது. பேச்சில் வட இங்கிலாந்தின் லங்காஷயர் வாடை. துறையில் நின்றவர்களில் தன் அம்மா யார் என்று சொல்லிக் காட்ட வேண்டியிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து வீட்டில் இருந்தது முத்திரை நிறைந்த சில படிவங்கள், ஒவ்வொன்றிலும் 25 சொல்.